மஞ்சள் துணி கட்டிய கால்

இடது காலுக்குப் போட வேண்டிய ஊசியை வலது காலுக்குப் போட்டுவிட்டோம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது.

டிரெஸர் வேலை என்பது டாக்டர் வருவதற்கு முன்னால் நோயாளியைத் தயார் செய்வது, டாக்டர் போன பிறகு அதே நோயாளியிடம் ஏச்சு வாங்குவது. மெர்டேக்கா, அதாவது மலாயா சுதந்திரம், ஆகிக் கொஞ்ச காலம். வெள்ளைக்கார டாக்டர்கள் ஒவ்வொருவராகக் கப்பல் ஏறிக்கொண்டிருந்தார்கள். மலாக்காவில், காஜா பெராங் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. பதினான்கு கட்டில். இப்போது கட்டடமே இல்லை, தேட வேண்டாம். அங்கே நான் டிரெஸர். காலில் ரத்தக்குழாய் அடைத்தவர்கள்தான் என் கைக்கு அதிகம் வந்தார்கள்.

இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்காவது நடக்கும்போது கெண்டைக்கால் பிடிக்கும். நின்றால் விட்டுவிடும். நடந்தால் மறுபடி பிடிக்கும். வயசு என்று சொல்லிக்கொள்வீர்கள். எனக்கும் இப்போது அப்படித்தான். ஆகவே நமக்குள் மறைக்க ஒன்றுமில்லை.

முதுகில் ஏன்?

இன்றைக்கு அடைத்த குழாய்க்குள் கம்பி விடுகிறார்கள், பலூன் ஊதுகிறார்கள். அன்றைக்கு எங்களிடம் இருந்தது இரண்டே சாமான். ஒன்று ரம்பம். இன்னொன்று ஊசி. ஊசி இறங்குவது காலில் அல்ல, முதுகெலும்புக்குப் பக்கத்தில். காலின் ரத்தக்குழாய்களை இறுக்கிப் பிடிக்கிற நரம்பு அங்கேதான் ஓடுகிறது. மருந்து விட்டு அதைச் செயலிழக்கச் செய்தால் பிடி தளரும். பெரிய குழாய் அடைத்தபடியே கிடந்தாலும் சின்னக் குழாய்கள் விரிந்து ரத்தத்தைக் கொண்டுபோகும். கால் சூடாகும். அறுப்பு இல்லை, தையல் இல்லை. மருந்து பீனால். தரை கழுவுகிற திரவத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி. இதை நோயாளியிடம் சொல்லக் கூடாது.

இத்தனையும் ஒவ்வொருவருக்கும் விளக்க வேண்டும். ரப்பர் தோட்டத்திலிருந்து வந்த ஒரு கங்காணிக்கு அரைமணி நேரம் படம் போட்டுக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். தலையை ஆட்டினார். சட்டையைக் கழற்றச் சொன்னதும் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏன்யா, கால்வலிக்கு முதுகுல குத்துறீங்க. என் வீட்டுக்காரிக்குத் தலைவலி. அவளைக் கூட்டிட்டு வந்தா எங்கய்யா குத்துவீங்க?"

ஐஸ் கடைக்காரர்

புக்கிட் பாருவில் ஐஸ் கச்சாங், சீவிய ஐஸில் பாகு ஊற்றிக் கொடுப்பது, அந்தக் கடை வைத்திருந்த ஒருவர். ஊசி போட்டோம். பதினைந்து நிமிஷத்தில் பாதம் வியர்வை நின்று காய்ந்து, வெதுவெதுப்பாகி, சிவப்பு ஏறியது. அதுதான் வேண்டும். கால் சூடானால் ஊசி பலித்தது, சூடாகாவிட்டால் பலிக்கவில்லை. எங்களுக்கு வேறு அளவுகோல் கிடையாது. சந்தோஷமாக வீட்டுக்கு அனுப்பினோம்.

மூன்றாம் நாள் ஓட்டமாகத் தூக்கி வந்தார்கள். பாதம் வெளிறிக் கிடந்தது. வீட்டில் எல்லாரும் தொட்டுப் பார்த்து, காலுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது என்று முடிவு கட்டியிருக்கிறார்கள். ஒரு வாளியில் ஐஸை நிரப்பிப் பாதத்தை உள்ளே வைத்துவிட்டார்கள். நான் கத்திய கத்தலில் பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். கடைக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. "என்ன டிரெஸர் இப்படிப் பேசுறீங்க? நல்ல ஐஸ்தான். ஜனங்க சாப்பிடுற ஐஸ்!"

கோயிலுக்கும் மசூதிக்கும் நடுவில்

அருணாசலம் பிள்ளை தபால்காரர். மலாக்காச் செட்டிகளின் பழைய கிராமமான கம்போங் செட்டிக்காரர். பெயரும் சாமியும் தமிழ், பேச்சு மலாய். என்னை அபாங் என்பார், அண்ணன் என்று அர்த்தம். அவர் சொன்னதையெல்லாம் நான் தமிழில் தருகிறேன். ஐம்பது வயது. ஒரு நாளைக்கு இரண்டு பாக்கெட் சிகரெட். இடது கெண்டைக்கால் பிடிக்கிறது என்று வந்தார்.

ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீடு வீடாகத் தபால் கொடுக்க வேண்டும். வலி வந்தால் நிற்க வேண்டும். நடுத்தெருவில் சும்மா நின்றால் ஊர் கேள்வி கேட்கும், தபால் மாஸ்டரிடம் சொல்லும், வேலை போகும். ஆகவே மனிதர் பிள்ளையார் கோயில் வாசலில் நின்று கும்பிட்டார். வலி விட்டதும் நடந்து மசூதி வாசலில் தலை குனிந்து நின்றார். அடுத்து சீனக் கோயில். தெருவே மெச்சியது, எல்லாச் சாமிக்கும் மரியாதை கொடுக்கிற மனுஷன் என்று. ஒரு வருஷம் இப்படியே ஓட்டியிருக்கிறார்.

எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் இருந்தார். முப்பது முப்பத்தொன்று வயது இருக்கும். நாங்கள் சின்ன டாக்டர் என்போம். சிங்கப்பூரிலிருந்து புதன்கிழமை தோறும் காரில் வருகிற வெள்ளைக்காரர் பெரிய டாக்டர். ஊசி போடுவது அவர் மட்டும்தான். சின்ன டாக்டர் பக்கத்தில் நின்று பாத்திரம் பிடிப்பார். அவர்தான் அருணாசலத்தைக் கேட்டார், நிற்காமல் எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள் என்று. பதில்: "போன வருஷம் கோயில்ல இருந்து மசூதி வரைக்கும் நடந்தேன் டாக்டர். இப்ப நடுவுல இன்னொரு சாமி இருந்தாத் தேவலை."

சூடு வைத்த கல்

காலைச் சூடாக வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் சூடு எதுவும் வைக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன். சொல்லும்போதே தெரியும், இது யாருக்கும் புரியாது என்று. கம்பளி சுற்றலாம், பஞ்சு சுற்றலாம். வெந்நீர் கூடாது, நெருப்பு கூடாது. ரத்தம் ஓடாத கால் சூட்டைத் தாங்காது, சுடுவதும் தெரியாது.

அருணாசலத்தின் மனைவி பாக்கியம். கெபாயா உடுத்தி, கொண்டை போட்டு, நிமிர்ந்து நிற்கிற பெண்மணி. புருஷன் கால் குளிர்கிறது என்று அழுதிருக்கிறார். அந்த அம்மாள் அடுப்பில் துங்குக் கல்லைப் போட்டுச் சூடாக்கி, இலையும் துணியும் சுற்றிப் பாதத்தில் வைத்துவிட்டார். பிள்ளை பெற்றவளின் வயிற்றுக்கு வைக்கிற கல். பெருவிரலில் கொப்புளம். கொப்புளம் உடைந்து புண். புண் ஆறவில்லை. விரல் நுனி கறுத்தது. அந்தப் புண்ணைக் கழுவியது நான்தான். கழுவிக்கொண்டே திட்டினேன். அந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "மூணு பிள்ளைக்கு எனக்கு வச்ச கல்லு. என்னை ஒண்ணும் செய்யாதது இவரை மட்டும் செய்யுமா?"

தபால்காரருக்குத் தபால்

இரண்டு வாரம் கழித்துக் கட்டிலில் சேர்த்தார்கள். பெரிய டாக்டர் பார்த்தார். ஒரு ஊசி. கால் சூடானால் விரலோடு போகும். சூடாகாவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும். அவ்வளவுதான் சொன்னார். ஒற்றைக் காலோடு தபால் கொடுக்க முடியாது. வீட்டில் கல்யாணத்துக்கு ஒரு பெண், பள்ளிக்கூடத்தில் இரண்டு பேர்.

முதல் கட்டளை, சிகரெட்டை விடு. விட்டேன் என்றார். ஆனால் அவருக்கு நாள் தவறாமல் தபால் வந்தது. கூட வேலை செய்கிறவர்கள் உறையை நேரில் கொண்டுவந்து கொடுத்தார்கள். கொஞ்சம் தடித்த உறை. மூன்றாவது நாள் பிடுங்கிப் பிரித்தேன். கடிதம் இல்லை. நாலு சிகரெட், வரிசையாக. ஒவ்வொரு சிகரெட்டும் உன் குழாயை இன்னும் நெரிக்கும், தெரியுமா என்று கேட்டேன். என் கையிலிருந்த உறையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இருபத்தஞ்சு வருஷமா ஊருக்கெல்லாம் கொடுத்தேன் அபாங். எனக்கு ஒண்ணு வரக் கூடாதா?"

ஏழாவது ஆள்

அந்தப் புதன்கிழமை ஏழு பேர் வரிசை. அருணாசலம் ஏழாவது. தூக்க மருந்து கொடுத்து, இரண்டு காலையும் பஞ்சில் சுற்றி, கழுத்து வரை போர்த்தித் தள்ளிக்கொண்டு வந்தார்கள். நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். கெட்ட கால் மேலே, நல்ல கால் கீழே. அது என் வேலை. போர்வையைத் தூக்கினேன். இரண்டு காலும் ஒரே வெள்ளைப் பொதி. வலது காலில் மட்டும் பஞ்சுக்கு மேலே ஒரு மஞ்சள் துணி, அதில் காசு முடிந்து கட்டியிருந்தது.

எத்தனை வருஷம், எத்தனை நேர்த்தி முடிச்சு பார்த்திருப்பேன். நம் ஜனங்கள் நோகிற இடத்தில்தான் கட்டுவார்கள். கைவலிக்குக் கையில், கால்வலிக்குக் காலில். சீட்டில் இடது என்று எழுதியிருந்தது. நான் சீட்டைப் பார்க்கவில்லை. துணியைப் பார்த்தேன். வலது கால் மேலே வரும்படி புரட்டினேன். புண் உள்ள காலின் மேல் பாரம் விழுந்ததும் மனிதர் முனகினார். "சும்மா படுங்க, ஒரு நிமிஷம்தான்" என்று அதட்டினேன். அந்த முனகல் இன்னும் என் காதில் இருக்கிறது.

பெரிய டாக்டர் கை கழுவிக்கொண்டு வந்தார். இந்தப் பக்கம்தானே என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஊசி இறங்கியது. சுத்தமான வேலை, குறை சொல்ல முடியாது. காரில் ஏறும்போது சின்ன டாக்டரிடம் சொன்னார்: "அடுத்த புதன் வரை பாருங்கள். சூடாகாவிட்டால் ரம்பத்தை எடுத்து வையுங்கள்."

எந்தக் கால் சூடு?

வியாழன் காலை பஞ்சைப் பிரித்தேன். இடது பாதம் மீன் மார்க்கெட் தரை மாதிரி இருந்தது. ஈரம், சில்லிப்பு. ஊசி பலிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, வழக்கத்துக்காக வலது பாதத்தைத் தொட்டேன். காய்ந்திருந்தது. அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டி போலச் சூடு. முதுகைத் திருப்பிப் பார்த்தேன். ஊசிக் குத்து வலது பக்கம்.

உட்கார்ந்துவிட்டேன். நோயாளியின் கட்டிலில் டிரெஸர் உட்காரக் கூடாது. உட்கார்ந்துவிட்டேன். பாக்கியம் அம்மாள் கஞ்சி கொண்டுவந்தார். ஏனம்மா இந்தக் காலில் கட்டினீர்கள் என்று கேட்டேன். அவர் கஞ்சியை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "அந்தக் காலைத் தொடவே விடலை. எப்படியும் அதை வெட்டத்தானே போறீங்க? மிச்சம் இருக்கிற ஒண்ணையாவது மாரியம்மா பார்த்துக்கட்டும்னு இதுல கட்டினேன்."

ஒரு நாள்

அன்று முழுக்க யாரிடமும் சொல்லவில்லை. எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது, எழுதித்தான் ஆக வேண்டும். விரலில் கறுப்பு முடிகிற இடத்தில் ஊதா மருந்தால் ஒரு கோடு போட்டேன். மத்தியானம் போய்ப் பார்த்தேன். சாயங்காலம் போய்ப் பார்த்தேன். கோடு அங்கேயே நின்றது. கறுப்பும் நின்றது. ஒருவேளை இப்படியே நின்றுவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை கறுப்பு கோட்டைத் தாண்டியிருந்தது. ஒரு அரிசி அகலம். நேராகச் சின்ன டாக்டரின் அறைக்குப் போனேன். நின்றபடியே சொன்னேன். துணி, சீட்டு, முனகல், எல்லாம். அதுவரை அந்த அம்மாளை நான் பெரிதாக மதித்ததில்லை. பாத்திரம் பிடிக்கிற டாக்டர் என்ற நினைப்பு. அவர் திட்டவில்லை. பேனாவை மூடி வைத்தார். "நேத்தே தெரிஞ்சும் இன்னிக்குச் சொல்றீங்க. உங்க காலா இருந்தா ஒரு நாள் விட்டிருப்பீங்களா, டிரெஸர்?"

டிரங்க் கால்

சின்ன டாக்டர் சிங்கப்பூருக்கு டிரங்க் கால், அதாவது வெளியூர் டெலிபோன், போட்டார். லைன் கிடைக்க இரண்டு மணி நேரம். பெரிய டாக்டர் மலைக்கு ஓய்வுக்குப் போய்விட்டார், செவ்வாய் வரை வரமாட்டார் என்று அங்கிருந்த கிளார்க் சொன்னான். வேறு யாராவது வர முடியுமா என்று சின்ன டாக்டர் கேட்டார். அவருடைய நோயாளியை வேறு யாரும் தொடமாட்டார்கள், புதன் வரை பொறுங்கள் என்றான். புதன் என்றால் இன்னும் ஐந்து நாள். ஒரு நாளைக்கு ஒரு அரிசி. கணக்குப் போட டாக்டர் படிப்பு வேண்டாம்.

சின்ன டாக்டர் ரிசீவரை வைத்துவிட்டு வார்டுக்கு நடந்தார். நான் பின்னால். அருணாசலத்தின் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மலாயில், ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். பக்கம் மாறிவிட்டது. தவறு எங்களுடையது. சரியான பக்கம் நான் போட முடியும் என்று நினைக்கிறேன். எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், ஒருமுறைகூடப் போட்டதில்லை. நீங்கள் வேண்டாம் என்றால் புதன்கிழமை வரை காத்திருப்போம்.

என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. எங்களுடையது என்றார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு, இது என் தப்பு என்றேன். அருணாசலம் என்னைப் பார்த்தார், சின்ன டாக்டரைப் பார்த்தார், வலது காலை லேசாக ஆட்டினார். பாக்கியம் அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். கடைசியில் அருணாசலம் சொன்னார்: "நல்ல காலுக்கு இவ்வளவு சூடு வந்திருக்கே அபாங். கெட்ட காலுக்கும் கொஞ்சம் கொடுங்க."

இருபது நிமிஷம்

தூக்க மருந்து வேண்டாம் என்றார் சின்ன டாக்டர். ஆள் விழித்திருக்கட்டும், எது வலிக்கிறதென்று சொல்லட்டும். எந்தக் கால் என்று நோயாளியையே தொட்டுக் காட்டச் சொன்னார். பிறகு பாக்கியம் அம்மாளைக் கூப்பிட்டுக் காட்டச் சொன்னார். பிறகு சீட்டை என்னை உரக்கப் படிக்கச் சொன்னார். படித்தேன். இடது. இடது. இடது.

ஊசி ஒரு சாண் நீளம். விரல்களால் முதுகெலும்பை எண்ணி, இடம் குறித்து, மரத்துப்போக முதலில் சின்ன ஊசி. அப்புறம் நீளமானது. எலும்பில் இடித்து நின்றது. கொஞ்சம் பின்னால் இழுத்து, சாய்த்து, எலும்பை உரசிக்கொண்டே முன்னால் தள்ள வேண்டும். சிரிஞ்சின் பிடியை இழுத்துப் பார்த்தார். ரத்தம் வந்தது. பெரிய குழாய் பக்கத்தில்தான் ஓடுகிறது. அதற்குள் பீனால் போனால் காலோடு முடியாது. முழுதும் வெளியே எடுத்தார். அவர் நெற்றி வியர்வையை நான் துடைத்தேன். இரண்டாம் முறை. எலும்பு. சாய்வு. இழுத்தார். ஒன்றும் வரவில்லை. மறுபடி இழுத்தார். வரவில்லை. மருந்தைத் துளித்துளியாக விட்டார். பின்பு இன்னும் இரண்டு இடம்.

பிறகு காத்திருந்தோம். நான் இடது பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். ஐந்து நிமிஷம். சில்லிப்பு. பத்து. சில்லிப்பு. பதினைந்தாவது நிமிஷம் என் உள்ளங்கையில் ஈரம் குறைந்தது போலிருந்தது. என் வியர்வையோ, அவர் வியர்வையோ என்று துடைத்துவிட்டு மறுபடி பிடித்தேன். பாதம் காய்ந்திருந்தது. கணுக்காலிலிருந்து கீழே, மிக மெதுவாக, சூடு வந்தது. நான் வாயைத் திறப்பதற்கு முன் அவர் சொன்னார்: "யாரோ எனக்குச் சாக்ஸ் மாட்டிவிடுறாங்க, அபாங்."

கையெழுத்து

கறுப்பு அந்த ஒரு அரிசியோடு நின்றது. புதன்கிழமை பெரிய டாக்டர் ரம்பத்துக்குத் தயாராக வந்தார். இரண்டு பாதத்தையும் தொட்டார். முதுகைத் திருப்பி இரண்டு பக்கக் குத்துகளையும் பார்த்தார். சின்ன டாக்டர் நடந்ததை நாலு வாக்கியத்தில் சொன்னார். நான் என் பங்கைச் சொன்னேன். அவர் என்னை நீளமாக ஒரு பார்வை பார்த்தார். வேலை போயிற்று என்று நினைத்தேன். போகவில்லை. சீட்டை வாங்கி, இரு பக்கமும் ஊசி, நல்ல பலன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ரம்பம் அன்று பெட்டியிலேயே இருந்தது. பெருவிரலின் நுனி மட்டும் பிறகு போயிற்று. நாலு மாதத்தில் அருணாசலம் மறுபடி சைக்கிளில் தபால் கொடுத்தார், ஜாலான் துக்காங் எமாஸில் எங்கும் நிற்காமல். அந்த வருஷக் கடைசியில் பெரிய டாக்டரும் கப்பல் ஏறினார்.

துக்காங் எமாஸ்காரர் ஒருவர் என்னை வழியில் நிறுத்திக் குறைப்பட்டார்: "உங்க ஆஸ்பத்திரில அந்தத் தபால்காரருக்கு என்னய்யா பண்ணினீங்க? சாமி பயமே போயிருச்சு!"

கால்வலிக்காரர்களே, சீட்டில் இருப்பது பெரிய டாக்டரின் கையெழுத்துதான், ஆனால் அந்தக் காலைக் காப்பாற்றியது பாத்திரம் பிடித்த டாக்டர் அன்னலட்சுமி.